காகிதத்தில் பிறக்கும் ஆடை



ஒருவர் உடுத்தும் ஆடை அவருக்குப் பொருந்தவில்லையென்றால், குறை யாருடையது? “என் தோள் அகலம், எனக்கு எந்தச் சட்டையும் சரிப்படுவதில்லை” என்று மாணவர் பலர் சொல்ல நான் கேட்டிருக்கிறேன். குறை தோளில் இல்லை. சட்டையை வெட்டிய அளவில் இருக்கிறது. உடலுக்காகத்தான் ஆடை, ஆடைக்காக உடல் அன்று. ஆகவே, ஆடையை நம் அளவுக்கும் விருப்பத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளும் முறையை இன்று விளக்க விரும்புகிறேன்.

தையலுக்கு அடிப்படை வெட்டுப் படிவம். அஃதாவது, ஆடையின் முன்பக்கம், பின்பக்கம், கை ஆகியவற்றின் வடிவில் தனித்தனியே வெட்டி எடுத்த காகிதம். அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்னும் தையற்காரர், 1863ஆம் ஆண்டில் இத்தகைய படிவங்களைப் பல அளவுகளில் விற்கத் தொடங்கினார். வீட்டிலேயே நல்ல ஆடை தைக்கும் வாய்ப்பு அதனால் பலருக்குக் கிட்டிற்று. எனினும், எத்தனை அளவுகள் வந்தாலும் அவை பொதுவானவையே. உங்கள் உடலுக்கு உரிய அளவை நீங்கள்தாம் கண்டறிய வேண்டும்.

காரியாபட்டி வட்டாரம் மழையை நம்பி வாழும் வறண்ட பூமி. பக்கத்து அருப்புக்கோட்டையோ கைத்தறி நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். ஒரு துண்டுத் துணிக்குப் பின்னால் உழவர், நெசவாளர் ஆகியோரின் உழைப்பு எவ்வளவு என்பதை இங்குள்ளோருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. தவறாக வெட்டிய துணி மீண்டும் ஒட்டாது. ஆகவே, மாற்றங்களையெல்லாம் முதலில் பழைய செய்தித்தாளில் செய்து பார்ப்பதே அறிவுடைமை. மூலப் படிவத்தைப் பத்திரப்படுத்திவிட்டு, அதன் நகலில் வேலையைத் தொடங்குங்கள்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். படிவம் 30 அங்குல மார்புச் சுற்றளவுக்கு உரியது. உங்கள் அளவோ 32 அங்குலம். வேறுபாடு 2 அங்குலம். ஆடையில் முன்பாதி இரண்டு, பின்பாதி இரண்டு, ஆக நான்கு பாகங்கள். எனவே ஒவ்வொரு பாகத்தின் பக்கத் தையலிலும் அரை அங்குலம் கூட்டினால் போதும். ஆனால் அப்போது கைக்குழியின் சுற்றும் பெரிதாகும். அதற்கு இணையாகக் கையின் மேற்பகுதியையும் இருபுறம் அரையரை அங்குலம் அகலப்படுத்த வேண்டும். ஓரிடத்தில் செய்யும் மாற்றம் அதனோடு சேரும் இடத்தையும் பாதிக்கும் என்பதே இக்கலையின் முதல் பாடம்.

உயரமானவர்கள் ஆடையின் அடியில் மட்டும் நீளம் கூட்டினால், இடுப்பு வளைவு உரிய இடத்தில் அமையாமல் மேலே ஏறி நிற்கும். மார்புக்கும் இடுப்புக்கும் இடையே படிவத்தைக் குறுக்காக வெட்டி, வேண்டிய அளவு காகிதத்தை நடுவில் ஒட்டுவதே முறை.

அளவு சரியானபின் அழகுக்கு வருவோம். பாவாடையின் அடி விரிந்து நிற்க விரும்பினால், படிவத்தை அடியிலிருந்து இடுப்பு நோக்கிச் சில இடங்களில் நெடுக வெட்டுங்கள். இடுப்புக்கோட்டில் துண்டாக்காமல் நிறுத்துங்கள். பின்னர் அடிப்பகுதியை விசிறிபோல் விரியுங்கள். இடுப்பளவு மாறாது, அடி மட்டும் அகலும். கழுத்தை வட்டமாகவோ சதுரமாகவோ வரைவதும், பை வைப்பதும் உங்கள் கற்பனைக்கு உரியவை.

இனித் துணி. பருத்தித் துணியாயின் நனைத்து உலர்த்திய பின்னரே வெட்ட வேண்டும். இல்லையேல் தைத்தபின் சுருங்கிவிடும். படிவத்தின் நெடுங்கோடு துணியின் பாவு நூலோடு ஒத்திருக்கட்டும். பாவும் ஊடையும் எளிதில் நீளா. மூலைவாட்டில் இழுத்தால் துணி நெகிழும். கோணலாக வைத்து வெட்டிய சட்டை ஒருபுறம் தொங்குவதற்குக் காரணம் இதுவே. தையலுக்கு விடும் இடத்தைச் சுற்றிலும் மறவாதீர்கள். வளரும் பிள்ளைகளின் ஆடையாயின், பக்கத் தையலிலும் அடிமடிப்பிலும் சற்று மிகுதியாகவே விடுங்கள். அடுத்த ஆண்டு பிரித்துவிட உதவும்.

புதுத் துணியில் கை வைக்குமுன், கிழிந்த பழைய சேலையில் அதே படிவத்தை வெட்டி, பெருந்தையலாக ஓட்டி, உடுத்திப் பாருங்கள். கையை உயர்த்துங்கள், உட்கார்ந்து எழுங்கள். எங்கே இழுக்கிறதோ அங்கே காகிதத்தைத் திருத்துங்கள்.

இவ்வேலை பெண்களுக்கே உரியது என்று மாணவர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. அளவு நாடாவும் நான்கால் வகுக்கும் கணக்கும் எல்லார்க்கும் பொது. ஒருமுறை திருத்தி முடித்த படிவத்தில் பெயரையும் தேதியையும் எழுதிச் சுருட்டி வையுங்கள். அடுத்த சட்டைக்குப் பாதி வேலை அதிலேயே முடிந்திருக்கும்.