பழனி மலைப்பகுதிக் காற்றாற்றலும் மின்துறை மறுசீரமைப்பும்

மின்துறை மறுசீரமைப்பு என்பது மின்னுற்பத்தி, மின்செலுத்தம், மின்பகிர்மானம் ஆகிய பணிகளை ஒரே அமைப்பிடமிருந்து பிரித்துத் தனித்தனி நிறுவனங்களிடம் ஒப்படைப்பதாகும். நிதி நெருக்கடியைத் தீர்க்கவும் போட்டியை உருவாக்கவும் தொடங்கப்பட்ட இம்முறை, பைங்குடில் வளிமங்களின் (பசுமை இல்ல வாயுக்கள்) வெளியேற்றத்தைக் குறைக்கும் வழியாகவும் பின்னர் கருதப்பட்டது. தமிழ்நாட்டில் இதன் பயனையும் குறையையும் பழனி மலைத்தொடரை ஒட்டிய காற்றாலைப் பகுதிகளில் தெளிவாகக் காணலாம்.

அமைவிடம்

பழனி மலைத்தொடர் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீளும் கிளையாகும். இதன் வடமேற்கே பாலக்காட்டுக் கணவாயும் தெற்கே கம்பம் கணவாயும் உள்ளன. தென்மேற்குப் பருவக்காற்று இவ்விரு இடைவெளிகளின் வழியே விரைந்து வீசுவதால், உடுமலைப்பேட்டை, தாராபுரம் பகுதிகளிலும் தேனி, ஆண்டிபட்டி பகுதிகளிலும் காற்றாலைகள் பெருகின. கொடைக்கானல் மலையின் பெரும்பரப்பு 2013 இல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காற்றாலைகள் அடிவாரச் சமவெளிகளிலேயே நிற்கின்றன.

சிக்கல்

நிலக்கரியிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கும்போது ஏறத்தாழ 1 கிலோகிராம் கரியமில வாயு வெளியேறுகிறது. ஆனால் காற்றாலை சுழல்வதால் மட்டும் இவ்வளவு குறைந்துவிடாது. அம்மின்சாரம் மின்கம்பிகளை அடைய வேண்டும். அதே நேரத்தில் அனல் மின் நிலையம் ஒன்று தன் உற்பத்தியைக் குறைக்கவும் வேண்டும். இதை முடிவு செய்வது காற்றன்று, மின்துறையின் அமைப்பேயாகும்.

இக்காற்றாலைகளில் பல நூற்பாலைகளுக்கும் பிற தனியார் நிறுவனங்களுக்கும் சொந்தமானவை. உடுமலைப்பேட்டையருகே உற்பத்தியாகும் மின்சாரத்தை அவை அரசின் மின்தொடர் வழியே தம் ஆலைகளில் பெறுகின்றன. காற்றடிக் காலத்தில் மிஞ்சுவதைக் கணக்கில் இருப்பு வைத்துப் பின்னர் பயன்படுத்தும் முறையும் ஏற்பட்டது. இது ஆலைகளுக்கு ஆதாயம். மின்சாரம் மலிவான மாதங்களில் வாங்கி, தட்டுப்பாடான மாதங்களில் திருப்பித் தரவேண்டிய மின்வாரியத்திற்கோ சுமை. 2012 இல் மாநிலம் கடும் மின்வெட்டில் தவித்தபோது, காற்று மிகுந்த மாதங்களில் தம் உற்பத்தி நிறுத்தி வைக்கப்படுவதாகக் காற்றாலை உரிமையாளர்கள் முறையிட்டது வியப்பான முரண். போதிய மின்செலுத்தத் தடங்கள் இல்லாமையே இதற்கு முதன்மைக் காரணம்.

மறுசீரமைப்பு

1957 இல் உருவான தமிழ்நாடு மின்சார வாரியம், 2003 ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி 2010 நவம்பர் 1 அன்று பிரிக்கப்பட்டது. மின்செலுத்தத்திற்கு டான்டிரான்ஸ்கோ தனியாக அமைந்தது. உற்பத்தியும் பகிர்மானமும் டான்ஜெட்கோவிடம் சேர்ந்தே இருந்தன. ஆகவே காற்று மின்சாரத்தை வாங்கும் நிறுவனமே அனல் நிலையங்களையும் நடத்தியது. இது அரைகுறைப் பிரிவினை எனலாம். 2024 இல்தான் பகிர்மானம், உற்பத்தி, பசுமை ஆற்றல் என மூன்று நிறுவனங்களாக அது பிரிக்கப்பட்டது. அரசின் எரிசக்தி மேம்பாட்டு முகமையான டெடா பசுமை ஆற்றல் நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது.

இங்கிலாந்தில் 1990 இல் மின்துறை பிரிக்கப்பட்டுத் தனியார்மயமானபோது சூழலைப் பற்றிய நோக்கம் முதன்மையாக இல்லை. எனினும் புதிய நிறுவனங்கள் எரிவாயுவுக்கு மாறியதால் நிலக்கரிப் பயன்பாடு சரிந்தது. பிரித்தானியாவின் கடைசி நிலக்கரி மின் நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. மலிவான எரிவாயு கைக்கெட்டாத தமிழ்நாட்டுக்கு அவ்வழி பொருந்தவில்லை.

மின்தொடரும் சேமிப்பும்

2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின்தொடர் நாட்டின் பிற பகுதிகளுடன் ஒத்திசைவாக இணைக்கப்பட்டபின், மிகுதி மின்சாரத்தை வடக்கே அனுப்பும் வாய்ப்பு விரிந்தது. பழனி மலைக்கு மேற்கே ஆனைமலையிலுள்ள 400 மெகாவாட் கடம்பாறை நீரேற்று மின் நிலையம், மிகுதி மின்சாரத்தால் மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்து நீரை மேலேற்றி, தேவை உயரும் மாலையில் இறக்கி மின்னாக்கும் திறனுடையது. ஆடி மாதத்தில் ஆயிரக்கணக்கான மெகாவாட் காற்று மின்சாரம் வந்து குவிகையில் 400 மெகாவாட் சிறிய அளவே. அனல் நிலையங்களையும் முற்றிலும் அணைத்துவிட இயலாது. காற்று ஓய்ந்த மாலையில் உடனே தேவைப்படுவதால் அவை குறைந்த அளவில் எரிந்துகொண்டே இருக்கின்றன.