உங்களுக்குத் தெரியுமா?

பூஜ்ஜியத்துக்குக் கீழே மதிப்பெண் வாங்கியவரும் எம்.டி. இடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று இந்தியாவில் ஒரு முறை அறிவிப்பு வந்தது!

முதுநிலை மருத்துவப் படிப்புக்கான 'நீட் பி.ஜி.' தேர்வில் 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தகுதி எல்லையைப் பூஜ்ஜியம் பெர்சன்டைலுக்கு இறக்கியது. எல்லாப் பிரிவினருக்கும்தான். தேர்வு எழுதியிருந்தால் போதும், கலந்தாய்வுக்கு வரலாம்.

● மொத்தம் 200 கேள்வி, 800 மதிப்பெண். சரியான விடைக்கு 4; தவறுக்கு 1 கழியும். தப்பும் தவறுமாக எழுதினால் மைனஸில் போய் நிற்கும். எதையும் தொடாமல் சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு 0. அவரே மேல்!

● பொதுப் பிரிவுக்கு வழக்கமான எல்லை 50 பெர்சன்டைல். இது 50 மதிப்பெண் அல்ல. எழுதியவர்களில் பாதிப் பேரைத் தாண்டும் நிலை.

● ஏன் இறக்கினார்கள்? இடங்கள் காலி. உடற்கூறியல், உயிர்வேதியியல் போன்ற துறைகளுக்கு ஆள் வருவதே குறைவு.

● எழுதியவர்கள் அனைவரும் ஏற்கெனவே எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள். இதை மறந்துவிட்டுத்தான் பலரும் பதறினார்கள்.

● தகுதி கிடைத்தாலும் இடம் உறுதியில்லை. ஒதுக்கீடு தரவரிசைப்படியே.