இரத்தப் பரிசோதனையும் நமது கடமையும்

தாம்பரத்தை அடுத்துச் சானடோரியம் என்னும் ரயில் நிலையம் உண்டு. 1928-ஆம் ஆண்டில் டாக்டர் டேவிட் சௌரி முத்து அவர்கள் க்ஷயரோகிகளுக்கென அங்கு நிறுவிய மருத்துவ விடுதியே இப்பெயருக்குக் காரணமாகும். 1937-இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட அவ்விடுதி, இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது. சென்ற ஆண்டு நம் அங்கத்தினர் ஒருவருடன் நான் அந்நிலையத்தில் இறங்க நேர்ந்தது. அவருடைய அனுமதி பெற்று, பெயரும் ஊரும் குறிப்பிடாமல் அதனை இங்கு எழுதுகிறேன்.

ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது, நீண்டகால அங்கத்தினர் ஒருவர் இரு மாதங்களாகப் பாவு வாங்கவில்லை என்பதையும், பங்குத் தொகையைத் திருப்பித் தருமாறு விண்ணப்பித்திருப்பதையும் கண்டேன். அவரை அழைத்து, நால்வர் முன்னிலையில் காரணம் கேட்டேன். அவர் பதிலொன்றும் கூறாமல் எழுந்து சென்றார். அவ்வாறு கேட்டது என் பிழை என்பதை, மாலையில் அவர் தனியே வந்து ஒரு காகிதத்தை நீட்டிய பிறகே உணர்ந்தேன். அது தனியார் பரிசோதனைச் சாலையின் அறிக்கை. எச்.ஐ.வி. கிருமிக்கான சோதனையில் எதிர்வினை காணப்பட்டதாக அதில் எழுதியிருந்தது. “இன்னும் எத்தனை நாள் ஐயா இருப்பேன்?” என்று அவர் கேட்டார். பட்டம் பெற்றவனாயிருந்தும் எனக்கு விடை தெரியவில்லை.

அம்மருத்துவமனையில் நாங்கள் அறிந்துகொண்டவற்றை அங்கத்தினர் அனைவரும் அறிவது நலம். இச்சோதனை பெரும்பாலும் கிருமியை நேரே காண்பதன்று. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருளையே காண்கிறது. ஆதலால் ஒரே சோதனையை முடிவாகக் கொள்வதில்லை. நோய்க்குறி இல்லாத ஒருவருக்கு வெவ்வேறான மூன்று சோதனைகளும் ஒத்துவந்தால் மட்டுமே தொற்று உண்டென உறுதி செய்கின்றனர். தொற்று ஏற்பட்ட முதற்சில வாரங்களில் சோதனை அதனைக் காட்டாமலும் போகலாம். அப்போது குறித்த காலத்திற்குப்பின் மீண்டும் சோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் ஆலோசனையும் சோதனையும் இலவசம், இரகசியமும் காக்கப்படும்.

நம் நண்பருக்கு மூன்று சோதனைகளிலும் தொற்று உறுதியாயிற்று. பின்னர் சி.டி.4 என்னும் வெள்ளணுக்களை எண்ணினர். ஆரோக்கியமானவரிடம் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவை ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை இருக்கும். 200-க்குக் கீழே இறங்கினால் க்ஷயம் முதலிய பிற நோய்கள் எளிதில் பற்றும். அவருடைய எண்ணிக்கை 300-க்கும் குறைவாயிருந்தது. அவர் மனமுடைந்தார். ஆயினும் ஒருநாள் எண்ணிக்கை ஆயுளைக் கூறும் சாதகமன்று; சாதாரணக் காய்ச்சலாலும் அது மாறக்கூடும். இக்காலத்தில் எண்ணிக்கை எதுவாயினும் தொற்று உறுதியானவருக்குச் சிகிச்சை தொடங்கப்படுகிறது. தவறாது மருந்துண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து நிலைத்தவரிடமிருந்து உடலுறவின் வழியே தொற்று பரவுவதில்லை. தாய்க்கு உரிய காலத்தில் மருந்தளித்தால் குழந்தையையும் பெரும்பாலும் காத்துவிடலாம்.

இந்நிலை எளிதில் எய்தியதன்று. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டபோதே இந்தியாவில் இத்தொற்று முதன்முதல் வெளிப்பட்டது. பல மருத்துவமனைகள் இந்நோயாளிகளைச் சேர்க்கத் தயங்கிய நாட்களில் தாம்பரம் அவர்களுக்குப் படுக்கை அளித்தது. 2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கிய முதல் மருத்துவமனைகளுள் இதுவும் ஒன்று.

ஆனால் மருந்து ஒருபுறமிருக்க, நம் நண்பரைத் தறியிலிருந்து இறக்கியது நோயன்று. அண்டை வீட்டார் தம்ளரை ஒதுக்கி வைத்ததே ஆகும். காற்றில் பரவும் க்ஷயத்திற்கே, வீட்டிலிருந்தபடி மருந்துண்டவர்கள் விடுதியில் தங்கியோரைப் போன்றே குணமடைந்தனர் என்று சென்னையில் நடந்த ஆராய்ச்சி 1959-இல் உலகுக்கு உணர்த்தியது. காற்றாலும், தண்ணீராலும், தொடுதலாலும் பரவாத தொற்றுக்கு ஒதுக்கி வைத்தல் எதற்கு? ஒருவர் நெய்த துணியாலோ, பறித்த காய்கறியாலோ இது எவருக்கும் வாராது.

2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், இத்தொற்றைக் காரணமாகக் காட்டி வேலை மறுப்பதைத் தடுக்கிறது. ஒருவரது சம்மதமின்றி அவர் இரத்தத்தைச் சோதிப்பதும், நிலையை வெளியிடுவதும் அச்சட்டத்திற்கு மாறானவை. எனவே நம் சங்கக் காரியதரிசிகள், மாதந்தோறும் மருந்து வாங்கச் செல்லும் அங்கத்தினரிடம் நோயின் பெயரைக் கேளாதிருப்பார்களாக. பாவு கொடுக்கும் நாளை அவருக்கேற்ப ஒருநாள் மாற்றிக் கொடுப்பதால் சங்கத்திற்கு நஷ்டம் ஏதுமில்லை. ஐயமுள்ளோர் 1097 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம்.

நம் நண்பர் தம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சென்ற மாதம் நான் அச்சங்கத்திற்குச் சென்றபோது அவர் பாவு பெற்றுக்கொண்டிருந்தார். காரியதரிசி அவருக்குத் தேநீர் கொடுத்தார். எனக்கும் அதே தட்டிலிருந்தே கொடுத்தார்.