இட்லிக்கு உளுந்து தரும் மியான்மர்... கிலோவுக்கு மாறுவது எப்போது?

காலையில் சாப்பிட்ட இட்லியில் இருந்த உளுந்து மியான்மரில் விளைந்ததாக இருக்கலாம். 2021-ல் போட்ட ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் அங்கிருந்து வாங்க இந்தியா ஒப்புக்கொண்டது. ஒப்பந்தம் டன்னில் இருக்கிறது. ஆனால், விளைவிக்கும் விவசாயியின் கணக்கு டன்னில் இல்லை. அங்கேதான் சிக்கல்!

வீசையா... நம்ம வீசையா?

மியான்மர் சந்தையில் கறி, மீன், காய்கறி எல்லாம் 'பெய்த்தா' கணக்குதான். ஆங்கிலத்தில் இதை 'விஸ்' என்பார்கள். அந்தப் பெயர் வந்தது நம் 'வீசை'யிலிருந்து. ஆனால் எடை ஒன்றல்ல. பழைய சென்னை வீசை சுமார் 1.4 கிலோ, மியான்மர் விஸ் சுமார் 1.63 கிலோ.

தானியத்துக்குக் கணக்கு வேறு, 'கூடை'. ஒரு கூடை நெல் சுமார் 20.9 கிலோ. ஒரு கூடை பயறு சுமார் 32.7 கிலோ.

இதனால் யாருக்கு நஷ்டம்?

பெரும்பாலும் விவசாயிக்குத்தான். உதாரணத்துக்கு, 100 கூடை உளுந்து விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வியாபாரி ஒரு கூடையை 'ரவுண்டா' 33 கிலோ என்று எடுத்தால், 30 கிலோ உளுந்து கூடுதலாகப் போய்விடும். அதற்குக் காசு கிடையாது.

ஏன் இன்னும் மாறவில்லை?

மெட்ரிக் முறைக்கு மாறத் தயாராவதாக 2013 அக்டோபரில் மியான்மர் வர்த்தக அமைச்சகம் அறிவித்தது. ஆனாலும் சந்தையில் பழைய அளவுகள் போகவில்லை. தராசு, எடைக்கல், கூடை என எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அதைவிட, மக்கள் மனக்கணக்கு மாற வேண்டும். அது லேசுப்பட்ட வேலை இல்லை.

இந்தியா என்ன செய்யலாம்?

கட்டாயப்படுத்த முடியாது, அனுபவத்தைச் சொல்லலாம். இந்தியா 1956-ல் சட்டம் கொண்டுவந்து, 1958 அக்டோபரிலிருந்து மெட்ரிக் எடைகளைப் படிப்படியாகப் புழக்கத்துக்கு விட்டது. ஒரே நாளில் வீசையை ஒழிக்கவில்லை. கொஞ்ச காலம் இரண்டும் சேர்ந்தே ஓடின.

பெயரை விட்டுவிட்டு அளவை மட்டும் மாற்றுவது இன்னொரு வழி. நகைக்கடையில் இன்றும் 'பவுன்' என்றுதான் கேட்கிறோம், ஆனால் அது துல்லியமாக 8 கிராம். மியான்மரின் மற்ற அண்டை நாடுகளும் இதைச் செய்திருக்கின்றன. சீனாவின் 'ஜின்' இப்போது சரியாக 500 கிராம். தாய்லாந்தின் 'ராய்' 1,600 சதுர மீட்டர்.

இன்னும் எளிதான தொடக்கம், கொள்முதல் ரசீதில் கூடையோடு கிலோவையும் சேர்த்து எழுதச் சொல்வது. வாங்கும் நாடாக இந்தியா இதைக் கேட்கலாம். தான் விற்ற உளுந்து எத்தனை கிலோ என்று விவசாயிக்கே தெரிந்துவிட்டால், 'ரவுண்டா' கணக்குப் போட யாருக்கும் இடமிருக்காது.