மரவாடியில் பலகை வாங்கும்போது

தோட்டத்துக் கதவுக்கும் கொட்டகைத் தடுப்புக்கும் இழைக்காத அறுப்புப் பலகை வாங்குவது சிக்கனம். ஆனால் கண்மதிப்பில் விலை பேசக்கூடாது. நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் அளந்து பெருக்கி 144 ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். 6 அடி நீளம், 6 அங்குல அகலம், 2 அங்குல கனமுள்ள பலகை அரை கன அடி.

வேம்பானாலும் கருவேலானாலும் ஓரத்து வெள்ளையைத்தான் கரையானும் வண்டும் முதலில் அரிக்கும். "வெள்ளை இல்லாத மரம் ஏது?" என்பார் வியாபாரி. உண்மைதான், அதைக் கழித்துக் கணக்கிடச் சொல்லுங்கள். வைரத்துக்குப் பணம் கொடுத்தால் போதும்.

முக்கால் அங்குலப் பலகை வேண்டுமானால் ஓர் அங்குலத்தில் வாங்கவும்; மீதி இழைப்பில் போய்விடும். பச்சை மரத்தில் உடனே கதவு செய்தால் கோடையில் கோணிக்கொண்டு சந்து விடும். ஆகவே பலகைகளுக்கு இடையே ஒரே கனமுள்ள ரீப்பர் துண்டுகளை நேருக்கு நேராக வைத்து, காற்றோட்டமான நிழலில் அடுக்கி, மேலே பாரம் ஏற்றவும். முனைகளில் பெயின்ட் பூசினால் வெடிப்பு குறையும். ஒரு பலகையை மட்டும் வாரந்தோறும் நிறுத்து வாருங்கள். எடை குறைவது நின்றபின் இழைக்கலாம்.

இழைத்த பலகைக்கு முந்திரி ஓட்டு எண்ணெய் பூசலாம். கையில் பட்டால் தோல் வெந்துவிடும். குச்சியில் துணி சுற்றிப் பூசவும். தீவனத் தொட்டிக்கு இது ஆகாது.