வளர்ப்பு நாயை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமா? ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்

வேலைக்கும் மேற்படிப்புக்கும் பிள்ளைகள் வெளிநாடு போவது இன்று கிராமங்களிலும் சாதாரணமாகிவிட்டது. அங்கே வீடு பிடித்துக் குடியேறியதும், ஊரில் வளர்ந்த சிப்பிப்பாறையையோ ராஜபாளையத்தையோ அழைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். ஆனால் விமான டிக்கெட் எடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் நடக்காது.

இரண்டு கேள்விகளுக்கு முதலிலேயே விடை தெரிய வேண்டும். ஒன்று, அந்த நாட்டுக்குள் நாயை விடுவார்களா? இரண்டு, போன பிறகு அங்கே அதை வளர்க்கச் சட்டம் இடம் தருமா? பலரும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டாவதைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தைச் செலவழித்தால், போய் இறங்கிய ஊரில் நாயை வைத்துக்கொள்ள இடமில்லாமல் தவிக்க நேரும்.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?

காரணம் வெறிநோய். அறிகுறி தோன்றிவிட்டால் மனிதனுக்கும் விலங்குக்கும் பிழைப்பு அரிது. இந்தியாவில் தெருநாய்களிடம் இந்நோய் பரவலாக இருப்பதால், பல நாடுகள் நம்மை அதிக அபாயப் பட்டியலில் வைத்திருக்கின்றன. கடிபட்ட நாய்க்கு நோய் வெளிப்பட வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அதுவரை பார்வைக்கு நல்ல நாயாகவே இருக்கும். அதனால்தான் தடுப்பூசி போட்டாலும் சில மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

வரிசை மாறக் கூடாது

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் இங்கிலாந்துக்கும் இந்தியாவிலிருந்து நாய், பூனை கொண்டுபோக இதுதான் வரிசை:

1. மைக்ரோசிப்: அரிசி மணி அளவுள்ள இதைத் தோலுக்கடியில் ஊசி மூலம் வைப்பார்கள். ஐஎஸ்ஓ தரத்தில், 15 இலக்க எண் கொண்டதாக இருக்க வேண்டும்.

2. வெறிநோய்த் தடுப்பூசி: சிப் வைத்த அன்றோ அதற்குப் பிறகோ போட வேண்டும். குட்டிக்குக் குறைந்தது 12 வாரம் ஆகியிருக்க வேண்டும்.

3. ரத்தப் பரிசோதனை: தடுப்பூசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். டைட்டர் டெஸ்ட் என்பார்கள். ஒரு மில்லி ரத்த நீரில் 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாமல் எதிர்ப்புத்திறன் இருக்க வேண்டும். போகும் நாடு ஏற்றுக்கொண்ட ஆய்வகத்தில் செய்தால்தான் செல்லும்.

4. காத்திருப்பு: ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம்.

5. நலச் சான்று: அந்த நாடு கேட்கும் படிவத்தில் அரசு கால்நடை அதிகாரி கையெழுத்திட வேண்டும். கையெழுத்தான 10 நாளுக்குள் நாய் அங்கே போய்ச் சேர வேண்டும்.

இங்கிலாந்து, அயர்லாந்து, பின்லாந்து, மால்டா, நார்வே நாடுகளுக்குப் போகும் நாய்க்கு இன்னொன்றும் உண்டு. போய்ச் சேர்வதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்கு முன் கால்நடை மருத்துவர் நாடாப்புழு மருந்து கொடுத்துச் சான்றில் எழுத வேண்டும்.

நம் ஊர்களில் தவறுவது முதல் இரண்டு படிகளில்தான். முகாமில் போட்ட ஊசி நாயைக் காக்கும். ஆனால் அப்போது சிப் இல்லையென்றால் வெளிநாட்டுப் பயணத்துக்கு அந்த ஊசி கணக்கில் வராது. சிப் வைத்துவிட்டு மறுபடியும் போட வேண்டும். தடுப்பூசி அட்டையில் சிப் எண், ஊசி மருந்தின் பெயர், தொகுதி எண், போட்ட தேதி, செல்லுபடியாகும் தேதி, மருத்துவரின் பதிவு எண் எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். அடுத்த ஊசியின் தேதி ஒரு நாள் தவறினாலும் ரத்தப் பரிசோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஒரு கணக்கு

ஜனவரி 5 அன்று சிப்பும் ஊசியும் போடுகிறீர்கள். பிப்ரவரி 4-க்கு முன் ரத்தம் எடுக்கக் கூடாது. பிப்ரவரி 6 அன்று எடுத்தால், மே 6-க்குப் பிறகே பயணம். எல்லாம் சரியாக நடந்தாலே நான்கு மாதம். ஆய்வக முடிவு, சான்றுகள், சரக்கு முன்பதிவு இவற்றுக்கும் சேர்த்து ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை முன்னே போய்விட்டால்?

ஐரோப்பாவிலும் இங்கிலாந்திலும், உரிமையாளர் போகும் நாளுக்கு 5 நாள் முன்போ பின்போ போனால்தான் அது சொந்த வளர்ப்புப் பிராணியின் பயணம். அதைத் தாண்டினால் விற்பனைக்கு அனுப்பும் விலங்குக்கான விதிகள் வரும். தாள்களும் செலவும் கூடும். எனவே மகன் முதலில் போய் வேலையில் சேரட்டும். நாயின் காத்திருப்புக் காலம் முடியும் சமயத்தில் ஒருமுறை ஊருக்கு வந்துவிட்டு, திரும்பும்போது அழைத்துப் போவது நல்லது.

மற்ற நாடுகள்

அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் விதிகளை இறுக்கியிருக்கிறது. நாய்க்கு 6 மாதம் நிறைந்திருக்க வேண்டும், சிப் வேண்டும், இந்தியாவில் போட்ட ஊசிக்கு அரசு அதிகாரி ஒப்பமிட்ட படிவம் வேண்டும். குறிப்பிட்ட விமான நிலையங்களில் மட்டுமே இறங்கலாம். அங்குள்ள பதிவுபெற்ற விலங்குப் பராமரிப்பு மையத்தில் முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டும். ஏற்கத்தக்க ரத்தப் பரிசோதனை முடிவு இல்லாவிட்டால் 28 நாள் தனிமைக் காப்பு, அதுவும் உங்கள் செலவில்.

ஐக்கிய அரபு அமீரகத்துக்கு இறக்குமதி அனுமதி முன்பே பெற வேண்டும். ரத்தப் பரிசோதனையும் கேட்பார்கள். சிங்கப்பூரிலும் அனுமதியோடு தனிமைக் காப்பு உண்டு. ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நேராகக் கொண்டுபோகவே முடியாது.

அங்கே போய் வளர்க்க என்ன விதி?

சிங்கப்பூரில் பெரும்பாலோர் இருப்பது வீடமைப்புக் கழக அடுக்குமாடிகளில். அந்த வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம்; அதுவும் அனுமதிப் பட்டியலில் உள்ள சிறிய இனமாக இருக்க வேண்டும். ராஜபாளையத்துக்கு அங்கே இடமில்லை. தனியார் வீடு என்றாலும் நாய்க்கு உரிமம் கட்டாயம்.

ஜெர்மனியில் நாய் வளர்ப்பவர் உள்ளாட்சிக்கு ஆண்டுதோறும் நாய் வரி கட்ட வேண்டும். பெர்லினில் முதல் நாய்க்கு 120 யூரோ. நம் தோட்டத்தில் செய்வது போல நாயைக் கட்டிப்போட்டே வளர்ப்பதை 2023 முதல் அங்கே பொதுவாகத் தடை செய்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் பொது இடத்தில் நாயின் கழுத்துப் பட்டையில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். பிட்புல், எக்ஸ்எல் புல்லி உள்ளிட்ட சில இனங்களுக்குத் தடை உண்டு. நம் இனங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டப் பழகிய வேட்டை இனங்கள். அங்கே ஆட்டு மந்தையை நாய் விரட்டினால் 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமையாளர் மீது குற்றம். மந்தையைக் காக்க வேறு வழியில்லாத நிலையில் அந்த நாயைச் சுட்ட விவசாயிக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. ஆடு வளர்க்கும் உங்களுக்கு இதன் நியாயம் புரியும். மேய்ச்சல் நிலத்துப் பக்கம் கயிற்றை அவிழ்க்கவே கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

எந்த நாடானாலும், நாய் வளர்க்க வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகே இங்கே செலவு செய்யத் தொடங்குங்கள்.

இங்கே செய்ய வேண்டியவை

சிப், ஊசி, ரத்தம் எடுத்தல் பற்றி உங்கள் ஊர்க் கால்நடை உதவி மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். அங்கே வசதி இல்லையென்றால் வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரிக்கலாம். ஏற்றுமதிச் சான்றை மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையம் தருகிறது. சென்னையில் இது பள்ளிக்கரணையில் உள்ளது.

முகவர் மூலம் அனுப்பினாலும் எல்லாத் தாள்களின் அசலையும் நீங்களே பாருங்கள். சிப் எண் ஒவ்வொரு தாளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் நாய் விமான நிலையத்தில் நின்றுவிடும்.

கூண்டில் நாய் தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், படுக்கவும் இடம் வேண்டும். கூண்டு பெரிதானால் சரக்குக் கட்டணமும் ஏறும். ஒரு மாதம் முன்பே கூண்டை வீட்டில் வைத்து, கதவைத் திறந்துவிட்டு, அதற்குள்ளேயே தீனி வைத்துப் பழக்குங்கள். மயக்க மருந்து கொடுத்து ஏற்றாதீர்கள். நடுவானில் மூச்சுத் திணறினால் பார்க்க ஆளில்லை.

கிளி, ஆமை வேண்டவே வேண்டாம்

பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வளர்ப்பதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முயன்றால் வழக்கும் சிறையும்தான்.

விட்டுச் செல்வதே நல்லதாக இருந்தால்

வயதான நாய், நோயுள்ள நாய், தோட்டக் காவலுக்கே பழகிய நாய் இவற்றை நீண்ட பயணத்துக்கும் குளிருக்கும் உட்படுத்தாமல் இருப்பதே நல்லது. தெரிந்த இடத்தில், தெரிந்த மனிதர்களோடு இருப்பதுதான் அதற்கு நிம்மதி. தீனிக்கும் ஆண்டுத் தடுப்பூசிக்கும் பிள்ளைகள் மாதாமாதம் ஒரு தொகை அனுப்பட்டும். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் பட்டினி கிடக்கும்படி தெருவில் விட்டுவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

விதிகள் அவ்வப்போது மாறும். சிப் வைக்கும் முன்பும், டிக்கெட் எடுக்கும் முன்பும் அந்த நாட்டு அரசின் இணையதளத்தைப் பார்க்கச் சொல்லி உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள். வீட்டு நாய்க்கு இதுவரை சிப் இல்லையென்றால், பயணம் முடிவாகும் வரை காத்திருக்காமல், அடுத்த வெறிநோய் ஊசியின்போதே சிப்பும் வைத்துவிடுங்கள். பின்னால் பல மாதங்களை அது மிச்சப்படுத்தும்.