ஆம்னிக்குள்ளே ஓர் அடுக்குமாடி!

பள்ளிபாளையத்தில் தறிச் சத்தம் கேட்டால் தூக்கம் வரும். நின்றுவிட்டால்தான் விழிப்பு வரும். காவிரிக்கு அந்தப் பக்கம் ஈரோடு. இந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு விசைத்தறிக் கூடம். 'டடக்... டடக்...' என்று ஓடிக் கொண்டிருக்கும் தறியில் ஒன்று சட்டென்று நின்றால், கூடத்துக்காரர் தறி ஓட்டுகிறவரைப் பார்ப்பார். அவர் மேஸ்திரியைப் பார்ப்பார். மேஸ்திரி செல்போனைப் பார்ப்பார். சற்று நேரத்தில் சந்துமுனையில் ஒரு பழைய ஆம்னி வந்து நிற்கும். மெக்கானிக் இறங்கிப் பின்கதவைத் தூக்குவார்.

கூத்து அப்புறம்தான் ஆரம்பம்!

சாக்குக்கு அடியில் மோட்டார். மோட்டாருக்கு அடியில் பெல்ட். பெல்ட்டுக்குள் சிக்கிக்கொண்ட ஒரு பெயின்ட் டப்பா. டப்பா நிறைய நட்டு, போல்ட்டு, வாஷர், பீடிக்கட்டு. அவர் தேடும் பதினேழாம் நம்பர் ஸ்பானர் மட்டும் எங்கே?

"எனக்கு எது எங்கிருக்குன்னு அத்துப்படிங்க தம்பி" என்றார் அப்படி ஒரு வேன்காரர்.

"தெரியுமுங்க... எடுக்கத்தான் முடியாதுங்க" என்றான் கூட வந்த பையன். மெக்கானிக் முறைத்தார். பையன் சாக்குக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை இது. விசைத்தறி ஓட்டுகிறவருக்குப் பெரும்பாலும் நெய்த அளவுக்குத்தான் கூலி. தறி நின்றால் கூலியும் நிற்கும். ஆம்னிக்குள் ஸ்பானர் தேடும் நேரம், வேறொருவரின் சனிக்கிழமைக் கூலியிலிருந்து கழிகிறது. நமக்கு பி.காம் புத்தி... கணக்குப் போட்டுத்தான் பார்க்கத் தோன்றும். தேடலுக்கு ஒரு நாளைக்குப் பத்தே நிமிஷம் என்று வையுங்கள். வருஷத்தில் 300 வேலை நாள். மொத்தம் 3,000 நிமிஷம், அதாவது 50 மணி நேரம். ஒரு நாளைக்கு எட்டு மணி வேலை என்றால் ஆறு நாளுக்கு மேல் ஒரு மனிதர் சாக்குக்குள்ளேயே குடியிருந்திருக்கிறார்!

இதற்கு வைத்தியம் அடுக்குப் பெட்டி. ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து, கொக்கி மாட்டி, ஒரே கட்டாகிவிடும் பெட்டிகள். ஜெர்மனியில் டானோஸ் கம்பெனி 1993-ல் 'சிஸ்டெய்னர்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் மில்வாக்கி 2017-ல் 'பேக்அவுட்' என்று இறக்கியது. அடிப்பெட்டிக்குச் சக்கரம்கூட உண்டு. நம்மவர்கள் அதைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டியதில்லை. இதைத்தான் நம் பாட்டிகள் டிபன் கேரியர் என்ற பெயரில் காலங்காலமாகக் கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள்!

டிபன் கேரியரில் இருக்கிற ஞானம் அவ்வளவும் இந்தப் பெட்டிக்குப் பொருந்தும். எல்லா அடுக்குக்கும் ஒரே சுற்றளவு. உயரம் மட்டும் வேறு வேறு. சோற்றுக்கு உயரமான அடுக்கு, பொரியலுக்குக் குட்டையானது. கனமானது கீழே. அதில் இருக்கிற தொல்லையும் இதில் இருக்கிறது. அடியில் இருக்கும் சோற்றை எடுக்க, மேலே உள்ள மூன்றையும் கழற்றியாக வேண்டும்.

கல்லூரியில் சரக்குக் கணக்குக்கு 'லைஃபோ' என்று ஒரு முறை சொல்லிக் கொடுத்தார்கள். கடைசியாக உள்ளே வந்தது முதலில் வெளியே போகும். அடுக்குப் பெட்டிக்கு அதுதான் சட்டம். ஆகவே கடைக்குப் போகிற முன்னால் ஒரு வாரம் நோட்டு போடுங்கள். எந்தச் சாமான் தினம் எடுக்கிறோம், எது வாரம் ஒருமுறை, எது தீபாவளிக்குத் தீபாவளி? ஸ்பானர் செட், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், டெஸ்டர் மேல்பெட்டியில். பிக்கர், பெல்ட் மாதிரி தேய்கிற உதிரிகள் நடுவில். டிரில்லிங் மிஷின், புல்லர் எல்லாம் அடியில். தறிக்கூடச் சந்துக்குள் வேன் நுழையாத இடம் எத்தனையோ. மேல்பெட்டியை மட்டும் கழற்றி ஒரு கையில் தூக்கிக்கொண்டு நடந்தால் பத்துக்கு எட்டு வேலை அதிலேயே முடிய வேண்டும். முடியவில்லை என்றால் தப்பு பெட்டியில் இல்லை, பிரித்து வைத்ததில்.

'இறக்கை விரிக்கிற இரும்புப் பெட்டி இருக்கும்போது பிளாஸ்டிக் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல பெட்டிதான் அது. அப்பா வாங்கியது மகனுக்கும் வரும். ஆனால் இரண்டு பக்கமும் விரிய இடம் வேண்டும். கைப்பிடி தலைமேல் இருப்பதால் அதன்மேல் எதையும் ஒழுங்காக ஏற்ற முடியாது. சாமான் இல்லாமலே ஒரு கனம் கனக்கும். வீட்டுத் திண்ணைக்கு அது ராஜா. வேனுக்குள் தன் தலையில் யாரையும் உட்காரவிடாத ராஜா!

சின்ன உருப்படிகளுக்கு நம் அஞ்சறைப் பெட்டியேதான். ஒரு விஷயம் மட்டும் பார்த்து வாங்குங்கள். உள்ளே இருக்கும் தடுப்புகள் மூடியைத் தொட வேண்டும். கால் அங்குலம் இடைவெளி விட்டாலும் போச்சு. இரண்டு வேகத்தடை தாண்டியதும் கடுகும் வெந்தயமும் கலந்த மாதிரி வாஷரும் ஸ்பிளிட் பின்னும் கல்யாணம் பண்ணிக்கொண்டுவிடும்.

சம்பந்தம் என்றதும் இன்னொன்று. பொதுவாக ஒரு கம்பெனிப் பெட்டியின் கொக்கி இன்னொரு கம்பெனிப் பெட்டியில் மாட்டாது. இன்று ஒன்று வாங்கினால், நாளைக்கு வாங்கப்போகும் ஐந்தையும் அதே வீட்டில்தான் எடுத்தாக வேண்டும். பெண் கொடுத்தவர்களே பிறகு விலையும் சொல்வார்கள்! அந்தக் கம்பெனிச் சரக்கு ஈரோட்டுக் கடைகளில் எப்போதும் கிடைக்கிறதா, உடைந்த கொக்கிக்குத் தனியாக மாற்றுக் கொக்கி தருகிறார்களா என்று கேட்டுவிட்டுப் பர்ஸைத் திறக்கலாம்.

அவ்வளவு காசு முடியாதவருக்கும் வழி இருக்கிறது. 600-க்கு 400 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கிரேட்! அதில் பாதியாக 400-க்கு 300 அளவிலும் வருகிறது. பெரிசு ஒன்றின் மேல் சின்னது இரண்டு கச்சிதமாக உட்காரும். கம்பெனி எதுவானாலும் அளவு இதுவானால் பெரும்பாலும் ஒத்துப்போகும். கடையிலேயே ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிடுங்கள். பால், காய்கறிக்கு விற்கிற ஓட்டைக் கிரேட் வேண்டாம். தறிக்கூடத்துப் பஞ்சு பிசிறு எண்ணெயோடு சேர்ந்து சாமான் முழுக்க அப்பிக்கொள்ளும். சுவர் மூடியதாக, மூடியோடு வாங்க வேண்டும். கொக்கி கிடையாது என்பதுதான் குறை. அதற்குப் பழைய ட்யூப் ரப்பரை வெட்டி இழுத்துக் கட்டினால் போகிறது.

கனத்துக்கு வருவோம். அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான 'நியோஷ்' 1991-ல் திருத்திய கணக்கின்படி, எல்லாம் சாதகமாக இருந்தால்கூட ஒருவர் தூக்குவதற்குச் சிபாரிசு செய்யும் உச்சம் 23 கிலோ. சாதகம் என்றால் பொருள் உடம்பை ஒட்டி, இடுப்பு உயரத்தில், திரும்பாமல் தூக்குவது. ஆம்னியின் பின்கதவில் குனிந்து, கையை நீட்டி, உள்ளேயிருந்து இழுக்கிறவருக்கு இந்தச் சாதகம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லை இன்னும் இறங்கும். என்னைக் கேட்டால் சாமானோடு 15 கிலோவைத் தாண்டும் பெட்டியை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். பெரிய பெட்டி வாங்கினால் இடம் மிச்சம் என்று தோன்றும். இடம் இருந்தால் மனுஷன் நிரப்புவான்... பீரோவைக் கேட்டுப் பாருங்கள்! முதுகு பிடித்துக்கொண்ட மெக்கானிக்குக்கும் தறிக்காரர் மாதிரியே அன்றைக்குக் கூலி இல்லை.

பெட்டியின் அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 5 என்றிருந்தால் பாலிபுரொப்பிலீன். அடி தாங்கும், வெயில்தான் அதற்கு எமன். வெயில் தாங்கும் மருந்து சேர்க்காத ரகம் நாளடைவில் நொறுங்கும், முதலில் போவது கொக்கி. ஆம்னிக்குள் இருக்கும்வரை கவலையில்லை. திறந்த டாடா ஏஸ்காரர்கள் தார்ப்பாய் போட்டாக வேண்டும்.

அடுக்கின உயரம் சீட்டின் முதுகைத் தாண்ட வேண்டாம். அடிப்பெட்டியை வண்டியோடு சேர்த்துக் கட்டுங்கள். கொக்கி, பெட்டிகளை ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், வண்டியைப் பிடித்துக்கொள்ளாது. பாலத்தில் சடன் பிரேக் போட்டால் அடுக்குமாடி முழுசாக டிரைவர் கழுத்துக்குத்தான் குடிவரும்.

கடைசியாகப் பெயின்ட் பிரஷ். எந்தப் பெட்டியில் என்ன என்று எழுதிவிடுங்கள், மூடியில் இல்லாமல் பக்கவாட்டில், கதவைப் பார்த்த மாதிரி. மூடியில் எழுதினால் அடுக்கியதும் மறைந்துபோகும். எழுத்து பையனுக்குப் புரிகிற எழுத்தாக இருக்கட்டும். நான் பார்த்த ஒரு பெட்டியில் 'முக்கியமானது' என்று எழுதியிருந்தது. உள்ளே என்ன என்று கேட்டேன்.

"அதைத் தொறந்து பார்த்தாத்தானுங்க தெரியும்!"